தோம்பில் ஏறாத வீடுகள்

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பக்திக் கதையாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அதனை ஒருமுறை வழக்குக் கட்டாகப் படித்துப் பார்க்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புத்தூர்த் திருமணப் பந்தலுக்குள் ஒரு கிழ வேதியர் நுழைகிறார். மணமகனாக அமர்ந்திருக்கும் நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். சான்று கேட்டால் ஓலையைக் காட்டுகிறார். நம்பி அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையோர் கிழவரிடம் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. ஆட்சி என்பது நெடுநாள் அனுபவ உரிமை. ஆவணம் என்பது எழுத்து. காட்சி என்பது அக்கம்பக்கத்தார் கண்டு சொல்லும் சாட்சி. கிழவரோ அசரவில்லை. கிழிக்கப்பட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். சபை அதை வாங்கிப் படித்து, நம்பியின் பாட்டனாருடைய வேறு கையெழுத்தொன்றை வரவழைத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று தீர்ப்புச் சொல்கிறது.

சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபுவழிச் செய்தி. அச்செய்தி இல்லாவிட்டாலும், இப்பகுதியை எழுதியவருக்கு ஓலைக் கட்டுகளோடு நல்ல பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று நாமே ஊகித்துவிடலாம். நகல், மூலம், கையெழுத்து ஒப்பீடு, கிழித்தவன் மேல் ஐயம் என அலுவலக நுட்பம் ஒன்றுகூட விடுபடவில்லை. இறைவனே வந்தாலும் தாள் கொண்டுவந்தாக வேண்டும்!

இந்த மூன்று சான்றுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நம் காலத்துத் தமிழ் ஓவியர் ஒருவரின் நூலை அணுகிப் பார்க்க விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூல் அது. ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'முற்றுப்பெறாத தோம்பு'. ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் அதனை வெளியிட்டது. அரசு அலுவலகமும் அதன் தாள்களும் மனிதப் பேச்சை எப்படி உள்வாங்குகின்றன, எங்கே தவறவிடுகின்றன என்பதைப் பற்றித் தமிழர் ஒருவர் செய்த கலைப்படைப்புகளில் இதற்கு நிகராக வேறொன்றை நான் காணவில்லை. நூலைப் பற்றிப் பேசுமுன் அதன் தலைப்பிலுள்ள பழைய சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். தமிழகத்து வாசகர்களில் பலருக்குத் தோம்பு என்பது புதிய சொல்லாக இருக்கலாம்.

*

தோம்பு போர்த்துக்கீசியச் சொல். பதிவேடு என்பது பொருள். லிஸ்பனில் உள்ள போர்ச்சுகல் நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தை இன்றும் தோம்புக் கோபுரம் என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கிறார்கள். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கீசியர் கைக்குப் போனது. அவர்களுடைய நிலப்பதிவு முறையும் அதன் பெயரும் அங்கே வேரூன்றின. 1658இல் வந்த ஒல்லாந்தர் அம்முறையை இன்னும் இறுக்கினார்கள். நிலத்துக்கு ஒரு தோம்பு, குடும்பத்து ஆட்களுக்கு ஒரு தோம்பு. யாரிடம் எவ்வளவு காணி, அதில் என்னென்ன பயன்மரங்கள், குடும்பத்தில் யார் யார், எவர் என்ன ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர் என்பதெல்லாம் அவற்றில் ஏறின. வரியும் ஊழியமும் தவறாமல் வசூலாக வேண்டும் என்பதே நோக்கம். எனினும் நாளடைவில் குடிமக்களே தம் உரிமையை நாட்டத் தோம்பைத் தேடிப்போகும் நிலை வந்தது. தம்மைக் கட்டுவதற்கு எழுதப்பட்ட ஏட்டையே தம் பிடிமானமாகக் கொள்ள வேண்டிவருவது காலனிய ஆட்சிகள் எல்லாவற்றிலும் நடந்திருக்கிறது.

சொற்களைப் பின்தொடர்ந்து போகிறவனுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. சன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகிய நான்கும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தார் அடுக்களையைக் குசினி என்பார்கள். அதுவும் அங்கிருந்து வந்ததே. வீட்டைப் பதிவேட்டில் ஏற்றியவர்களின் மொழி வீட்டுக்குள்ளும் புகுந்து, கதவைத் திறக்கும் கருவிக்கும் வெளிச்சம் வரும் வழிக்கும் பெயராகிவிட்டது. பதிவேடு வெளியே நின்று வீட்டைப் பார்க்கும் ஒன்றன்று. அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பதிவு செய்வதை அயலார்தாம் நமக்குக் கற்றுத்தந்தார்கள் என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. சோழர் கல்வெட்டுகளில் புரவுவரித் திணைக்களம் என்று நிலவரி அலுவலகம் ஒன்று வருகிறது. வரிப்பொத்தகம் என்ற பதிவேடு வருகிறது. முதலாம் இராசராசன் காலத்தில் நாட்டை அளந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்றே பட்டம். திருமாலுக்கு உரிய பெயரை ஒரு வருவாய்த்துறை அலுவலர் சூடிக்கொண்டார். (இன்றைய நில அளவையர்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள்.) நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில் எல்லை குறிக்கும் முறை விரிவாக வருகிறது. பெண்யானை ஒன்றை நிலத்தின் எல்லையைச் சுற்றி நடத்திச் செல்ல, ஊரார் கூடவே நடக்கிறார்கள். அந்த நடை முடிந்த பிறகே எழுத்து. எல்லை முதலில் காலடியிலும், அடுத்துக் கண்டவர்களின் நினைவிலும், கடைசியாகச் செம்பிலும் பதிகிறது. ஆவணத்துக்கு முன்னால் காட்சி இருக்கிறது. இந்த வரிசை முக்கியம்.

திணைக்களம் என்ற அந்தச் சோழர்காலச் சொல்லைத் தமிழகத்தில் நாம் மறந்துவிட்டோம். துறை என்கிறோம். இலங்கையிலோ அரசு அலுவலகப் பெயர்ப்பலகைகளில் அது இன்றும் வாழ்கிறது. கச்சேரி என்ற சொல்லுக்கு நேர்ந்தது வேறு. தாலுகா கச்சேரி என்று நம் பாட்டனார்கள் சொன்னதுண்டு. இன்று நமக்குக் கச்சேரி என்றால் மிருதங்கமும் தம்புராவும்தான். யாழ்ப்பாணத்தாருக்கு அது இன்னும் மாவட்டச் செயலகம். இரண்டு கரைகளும் ஒரே மொழியில் அலுவலகத்தை எவ்வளவு வேறாக அனுபவித்திருக்கின்றன என்பதற்கு இவ்விரு சொற்களே போதும்.

ஒல்லாந்தர் காலத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 1707இல் யாழ்ப்பாணத்து வழக்காறுகளை எல்லாம் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து எழுதினார். அதன் தமிழ் மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரிபார்த்து ஒப்புதல் தந்தார்கள். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தார்கள். சீதனம், முதுசொம், அடைமானம், அயலாருக்குள்ள முன்வாங்கும் உரிமை முதலிய காணி விவகாரங்களில் அதன் செல்வாக்கு இன்றும் தொடர்கிறது. மக்கள் வாயில் இருந்த வழக்கம், ஓர் அயல்நாட்டு எழுத்தரின் பேனாவில் ஏறி, உள்ளூர்ப் பெரியவர்களின் கையெழுத்தோடு சட்டமாக இறங்கியது. அந்தப் பன்னிருவருக்குத் தெரிந்திருந்த வழக்கம் நின்றது. அவர்கள் கேள்விப்படாத குடிகளின் வழக்கமும், சொல்ல விரும்பாத வழக்கமும் போனது போனதுதான். எழுதப்பட்ட எதுவும் எழுதப்படாத எத்தனையோ ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

*

இனி நூலுக்கு வருவோம். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதற்கு முந்திய இருபத்தாறு ஆண்டுகளில் வடக்கில் இடம்பெயராத குடும்பம் அரிது. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வீட்டுச் சாவியையும் உறுதியையும் விட்டுவிட்டு மக்கள் போனார்கள். 1995 அக்டோபர் 30 அன்று இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஏறத்தாழ ஒரே இரவில் காலியாகின. பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்குக் கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. இவ்வாறு வீடிழந்த தமிழ் பேசும் மக்கள், தமிழரும் முஸ்லிம்களுமாக, எண்பது பேரிடம் சனாதனன் சென்று, இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார்.

நூலில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வாறு அவர்கள் கைப்பட வரைந்த படம் இருக்கிறது. அதனோடு கட்டடக்கலைஞர் வரைவது போன்ற நேர்கோட்டுப் படம் ஒன்றும், அவர்கள் சொன்ன கதையும், அந்தக் கதைக்கு ஓவியராகச் சனாதனன் தந்த மறுமொழியாகிய வண்ணக்கோல் ஓவியமும் சேர்கின்றன. நூல் முழுவதும் ஓர் அலுவலகக் கோப்பின் தோற்றம் கொண்டது. கச்சேரி மேசையில் கிடந்தால் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடக்கூடிய ஒரு கோப்பு!

சேக்கிழாரின் மூன்று சான்றுகளை இங்கே பொருத்திப் பாருங்கள். இந்த எண்பது பேரிடம் ஆட்சி இல்லை. வேறு யாரோ குடியிருக்கிறார்கள், அல்லது முள்வேலிக்குள் அடைபட்டிருக்கிறது, அல்லது வீடே இல்லை. ஆவணம் பலரிடம் இல்லை. ஓடும்போது எடுத்துப்போன பெட்டியில் உறுதிக்கு இடம் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். அயலார் காட்சியும் இல்லை. அயலாரும் அதே இரவில் ஓடினார்கள், இன்று அவர்கள் டொரண்டோவிலோ மண்டபம் முகாமிலோ புத்தளத்திலோ இருக்கிறார்கள். மூன்றும் போன பின் ஒருவரிடம் மிஞ்சுவது என்ன? குசினியிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்பதைக் கால் மறக்காமல் வைத்திருக்கும் நினைவு. சபையில் எடுபடாத சான்று அது. சனாதனன் அதனைத் தோம்பில் ஏற்றினார்.

இதனை வெறும் ஏக்கத்தின் தொகுப்பாகப் படிப்பது போதாதென்றே எனக்குத் தோன்றுகிறது. இழந்த வீட்டைப் பற்றிய கவிதைகள் நமக்குக் குறைவில்லாமல் இருக்கின்றன. அவற்றுள் நல்லவையும் உண்டு, ஒரே அச்சில் வார்த்தவையும் உண்டு. சனாதனன் தேர்ந்தது கவிதையை அல்ல, பதிவேட்டை. யார் வீட்டை எடுத்துக்கொண்டார்களோ அவர்கள் பேசும் மொழி பதிவேட்டின் மொழி. அதே மொழியில், அதே கோப்பில், அவர்களால் சரிபார்க்க முடியாத ஒன்றை எழுதிவைக்கிறார். நேர்கோட்டு வரைபடத்தைக் கைவரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது இது துலங்குகிறது. கைவரைபடத்தில் அளவுகள் ஒத்துவருவதில்லை. வரைந்தவர் எதன் அருகில் அதிகம் வாழ்ந்தாரோ அது பெரிதாகிவிடும். நினைவு வரையும் எந்தப் படமும் அப்படித்தான். அதனை நேர்கோட்டில் திருத்தி வரைந்தவுடன் எல்லாம் அளவுக்குள் அடங்குகிறது. நாம் நம்பத்தக்கதாக எண்ணுவது இந்த இரண்டாவது படத்தை. ஆனால் அதற்கு மூலம் முதலாவது படம் தவிர வேறெதுவும் இல்லை! படியோலை மூல ஓலையைவிட மிடுக்காக உட்கார்ந்திருக்கிறது.

'முற்றுப்பெறாத' என்ற அடைமொழியும் சும்மா வந்ததல்ல. தோம்பு என்றால் முழுமையாக இருக்க வேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் அது தவறான தோம்பு. எண்பது வீடுகளோடு நிற்கும் தோம்பு தன் பெயரிலேயே தன் தோல்வியை அறிவித்துக்கொள்கிறது. ஓர் அரசாங்கப் பதிவேடு இப்படி அறிவித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

*

தாளையும் பதிவையும் கலையாக்குவது மேற்கில் 1960களிலிருந்து நடந்துவருகிறது. கருத்துருவக் கலை என்று அதனைச் சொல்வார்கள். பெஞ்சமின் புக்லோ என்ற கலை வரலாற்றாசிரியர் 1990இல் எழுதிய கட்டுரையொன்றில் அக்கலையின் ஒரு பகுதியை 'நிர்வாகத்தின் அழகியல்' என்று பெயரிட்டார். அதில் நம் பொருளுக்கு நெருங்கியது ஹான்ஸ் ஹாக்கே 1971இல் செய்த படைப்பு. நியூயார்க்கில் ஒரு குழுவுக்குச் சொந்தமான ஏழைக் குடியிருப்புக் கட்டடங்களை ஒன்றுவிடாமல் ஒளிப்படம் எடுத்து, அவை எந்தெந்தக் கம்பெனிப் பெயரில் கைமாறின என்ற விவரத்தைப் பொதுப் பதிவேடுகளிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்து அருகே மாட்டினார். ஒரு வசைச்சொல் கிடையாது, ஒரு கருத்துரை கிடையாது. குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய கண்காட்சியையே ரத்து செய்தது. யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் கேட்டுப் பெறக்கூடிய தகவல்தான். சுவரில் மாட்டியவுடன் அது பொறுக்க முடியாததாகிவிட்டது.

ஹாக்கேயிடம் ஆவணங்கள் மிகுதி. மிகுதியான தாள்களுக்குள் உடைமையாளர் ஒளிந்துகொள்கிறார். சனாதனனிடம் ஆவணங்களே இல்லை. இல்லாத தாள்களால் உடைமையாளர் காணாமற்போகிறார். இந்தியாவில் தயானிதா சிங் 2013இல் வெளியிட்ட 'கோப்பறை' என்னும் ஒளிப்பட நூல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. துணியில் கட்டிய மூட்டைகள், தள்ளாடும் தட்டுகள், மேல்கூரைவரை எழும்பிய காகிதம். அழகான நூல், ஐயமில்லை. ஆயினும் அந்த மூட்டைகளுக்குள் ஒரு கிழவியின் மனு இருக்கக்கூடும் என்ற பதைப்பு அதில் எனக்குக் கிடைக்கவில்லை. தூசியின் அழகில் என் கண் தங்கிவிடுகிறது. இது என் சொந்த அபிப்பிராயம், மாறுபடுகிறவர்கள் இருக்கலாம்.

சனாதனன் தோம்புக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மீண்டும் எழுந்தபின், 2004இல் அங்கே 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. அதில் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து திரட்டிய ஐந்நூறு பொருள்களைக் கொண்டு ஒரு நிறுவற்படைப்பை அவர் வைத்தார். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலான அதே நூலகம். நூல்கள் போன இடத்தில் வீட்டுச் சாமான்கள் சான்றாக வந்து அமர்ந்தன. அகத்தையும் புறத்தையும் இலக்கணமாக மட்டுமே நடத்திக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு அந்தத் தலைப்பே ஒரு பாடம்.

அடுத்தது அஞ்சல் வழி நடந்தது. சனாதனன், முகன்னது காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நால்வரும் 2005 மே மாதம் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் ஓர் ஓவியம் வரைந்து இன்னொருவருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். பெறுபவர் அதற்கு மறுமொழியாக இன்னொன்று வரைந்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஓராண்டுத் திட்டம் என்பது பேச்சு. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 சாலை அடைபட்டது. ஓராண்டுத் திட்டம் 2007 அக்டோபர் வரை நீண்டது. 208 ஓவியங்கள் சேர்ந்து 2008இல் நூலாயின. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று நாட்டின் மூன்று மொழிச் சூழல்களிலிருந்து வந்த நால்வர் உரையாடுவதற்கு ஒரு பொதுமொழி தேவைப்படவில்லை, அஞ்சல் வில்லை போதுமாயிருந்தது. சங்கப் பாடல்களில் தூது போனவர்களுக்கும் பாதை அடைபட்டிருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாணனை யாரும் சோதனைச்சாவடியில் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

*

பழனிமலையில் பாச்சலூரில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து ஓவியரைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறாய் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக ஏறிவரும் இந்தக் கீழ்மலைப் பகுதியில் காப்பித் தோட்டங்களும் மலைவாழைத் தோட்டங்களும் உண்டு. அவற்றுக்குப் பட்டா உண்டு, சிட்டா உண்டு, அடங்கல் உண்டு. அவற்றுக்கு அப்பாலும் இடையிலும் வாழ்கிற பளியர் குடிகளுக்குக் காட்டோடு உள்ள உறவு எந்தப் பதிவேட்டுக்கும் மூத்தது. அதனாலேயே எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது.

2006இல் இந்திய நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் வாழ்ந்து உழுதுவரும் பழங்குடியினருக்கு அந்நிலத்தில் நான்கு எக்டேர் வரை உரிமை உண்டு என்றது. உரிமைக் கோரிக்கையை முதலில் கேட்க வேண்டியது கிராம சபை. இச்சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் பதின்மூன்றாவது விதியைத் தமிழ் படித்தவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சான்றுகள் எவையெவை என்று அது அடுக்குகிறது. அரசு ஆவணங்கள், வரைபடங்கள், தீர்ப்புகள் என்று தொடங்கி, வீடு, குடிசை, கிணறு, இடுகாடு, தெய்வம் உறையும் இடம் ஆகிய கண்ணால் காணும் அடையாளங்களைச் சொல்லி, மூதாதையர் வழிமுறையைச் சொல்லி, கடைசியாக, கோரிக்கையாளர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொல்லி எழுத்தில் பதிந்த வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி! திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் மூன்றும் புதுதில்லியின் அரசிதழில் மீண்டும் வந்து நிற்கின்றன.

சட்டம் ஒன்று, நடப்பு இன்னொன்று. நீதிமன்ற அனுமதியில்லாமல் உரிமைச் சான்று வழங்கலாகாது என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால், மற்ற மாநிலங்களில் சான்றுகள் வழங்கப்பட்டுவந்த காலத்தில் தமிழ்நாட்டில் அப்பணி முடங்கியது. 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அத்தடை நீங்கியது. இதற்கிடையே 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டின் மேல் இன்னொரு தாள் விழுந்தது. எட்டு ஆண்டு என்பது ஒரு கோப்புக்குப் பெரிய காலமன்று. வாய்மொழிச் சான்று சொல்லவேண்டிய எழுபது வயதுக் கிழவருக்கு அது மிகப் பெரிய காலம். காட்சிச் சான்றின் குறை இதுதான்: அது மூப்படையும்.

சில ஆண்டுகளுக்கு முன் தடுத்தாட்கொண்ட புராணம் நடத்திய வகுப்பில், சனாதனனின் நூலைப் பற்றிச் சொல்லிவிட்டு, சிறுவயதில் குடியிருந்த வீட்டை வரையுமாறு மாணவர்களிடம் தாள் கொடுத்தேன். பெரும்பாலோர் முகப்பை வரைந்தார்கள். அரசு கட்டித்தந்த வீட்டுத்திட்ட வீடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. மலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி முதலில் ஓர் ஓடையைப் போட்டாள். பிறகு ஒரு பலாமரம். அதன் பிறகு தாளின் ஓரத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு சதுரம்; அதுதான் வீடு. "வடக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். "வடக்கெல்லாம் தெரியாதுங்கய்யா. தண்ணி வர்ற பக்கம் மேலே, போற பக்கம் கீழே" என்றாள். நில அளவைப் படத்துக்கு அந்தத் தாள் உதவாது. ஆனால் அந்த ஓடை வற்றாதவரை, அவள் சொன்ன திசையை வைத்து அந்த இடத்துக்கு யாரும் போய்விடலாம். வடக்கை மட்டும் தெரிந்துகொண்டு போகிறவர்கள்தாம் காட்டில் வழி தவறுவார்கள்.

*

சேக்கிழாரின் கதையில் தீர்ப்புக்குப் பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பலரும் அதனை விரைந்து கடந்துவிடுகிறார்கள். கிழவரின் ஓலை மெய்யென்று ஆகிவிட்டது. ஓலையில் அவர் இவ்வூர்க்காரர் என்று எழுதியிருக்கிறது. ஆனால் சபையோரில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. எனவே, அப்படியானால் இவ்வூரில் உம்முடைய வீட்டைக் காட்டும் என்கிறார்கள். ஆவணத்தில் உள்ள வீடு கண்முன் எங்கே என்ற கேள்வி அது. எழுத்து வென்ற பிறகும் அவ்வூர்ச் சபைக்கு வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. கிழவர் அவர்களை அழைத்துக்கொண்டு திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்வி தலைகீழாக வந்தது. இலங்கையில் ஒருவர் பிறர் நிலத்தைப் பத்தாண்டு இடையூறின்றி ஆண்டால் அவருக்கே உரிமை வந்துவிடும் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். ஓடிப்போனவர் திரும்பிவருவதற்குள் பத்தாண்டு கடந்துபோகும். இதனை நேர்செய்ய 2016இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, போர்ச் சூழலால் தம் உரிமையைத் தேடமுடியாமற் போனவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கில் கொள்ளலாகாது என்றது. இருபத்தாறு ஆண்டு ஆட்சியை ஒரு சட்டம் நடக்காததாக ஆக்கியது. சட்ட வரலாற்றில் அரிய செயல்தான் இது. ஆனால் தாள் இல்லாதவருக்கு அதனால் வந்த பயன் சிறிது.

போர் முடிந்தபின் வலிகாமம் வடக்கின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. உறுதியோடு திரும்பிய பலர் அங்கே கண்டது வெறும் தரையை. வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன, எல்லை வேலிகள் இல்லை, பற்றை மண்டிக் கிடந்தது. கையில் மூல ஓலை இருந்தது, காட்டுவதற்கு வீடு இல்லை. உறுதியில் எழுதப்பட்ட எல்லைகள் எல்லாம் அயலாரின் பெயர்களால் ஆனவை: கிழக்கே இன்னாரது காணி, வடக்கே இன்னாரது வளவு. அந்த இன்னார் திரும்பி வந்து எந்த இடத்தில் நிற்பார் என்பது தெரிந்தால்தான் தன் இடம் எங்கே என்று ஒருவர் சொல்ல முடியும். ஒருவருக்கொருவர் காத்திருந்து, கிணறு எந்தப் பக்கம் இருந்தது, பனை எத்தனை நின்றது, ஒழுங்கை எங்கே திரும்பியது என்று பேசிப் பேசித்தான் நிலத்தைக் கண்டுகொள்ள வேண்டும்.